பெற்ற அம்மைக்கு வெள்ளையணு 2,900: குடல் பாக்டீரியாப் பொடி கொடுக்கலாமா?

ஆற்றங்கரைக்காரி கேட்டது:

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. அம்மைக்கு வயது 64. சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. புரட்டாசி மாதம் வாய்க்கால் வரப்பில் நடந்து வரும்போது காலில் கருவேல முள் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். பாதத்தில் உணர்ச்சி குறைவு, அதனால் வலியும் தெரியவில்லை. நான் பார்க்கும்போது பெருவிரல் வீங்கிக் கறுத்து நாற்றம் எடுக்க ஆரம்பித்திருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எலும்பு வரை சீழ் போய்விட்டது, ஆறு வாரம் ஊசி போட வேண்டும் என்றார்கள். கீறிச் சுத்தம் செய்தார்கள். விரல் தப்பியது.

சேர்த்த அன்றைக்கு வெள்ளையணுவின் டோட்டல் கவுன்ட் 16,400. பத்து நாளில் 8,000. எல்லாருக்கும் சந்தோஷம். பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஊசி தொடர்ந்து போனது. இருபதாம் நாள் எடுத்த ரத்தத்தில் கவுன்ட் 2,900, அதில் பாலிமார்ஃப் என்ற வகை 38 சதவீதம். டாக்டர் அந்த ஊசியை உடனே நிறுத்திவிட்டார். "இதை ரொம்ப நாள் போட்டால் சிலருக்கு இப்படி இறங்கும், நிறுத்தினால் ஏறிவிடும், மூன்று நாள் கழித்துப் பார்ப்போம்" என்று சொல்லி, ஒரு நாளைக்கு ஒரு தடவை போடுகிற வேறு ஊசிக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

இப்போது வீட்டில் சண்டை. அம்மைக்கு நாலு நாளாக வயிறு இளகிப் போகிறது என்று மருந்துக் கடையில் சொன்னேன். கடைக்காரர் ஒரு பொடிப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, "ஊசியில் குடலில் உள்ள நல்ல கிருமி எல்லாம் செத்துப்போச்சு, அதனால்தான் வெள்ளையணு இறங்கிருச்சு, இதைக் கொடுங்க, ரெண்டும் சரியாயிரும்" என்றார். மைனி அதற்கு நேர் எதிர். எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரத்தில் கிருமியைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுப்பாயா என்று கேட்கிறாள். மோரையும் பழையதையும் கூட நிறுத்திவிட்டாள். அம்மைக்கு நீத்துத்தண்ணி இல்லாமல் விடியவே விடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

குடலுக்கும் ரத்தத்துக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா, இல்லை கடைக்காரர் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரா? பொடியைக் கொடுக்கவா, வேண்டாமா?

பனங்காட்டு நரி எழுதியது:

அக்கா, ஒன்றும் பயப்படாதீங்க. பப்பாளி இலைச் சாறு ரெண்டு வேளை கொடுங்க. எங்க சித்தப்பாவுக்கு டெங்கு வந்தப்ப 30,000 இருந்தது, ரெண்டே நாளில் ஒரு லட்சம் தாண்டிருச்சு. பக்க விளைவே கிடையாது.

பழைய நுண்ணோக்கி எழுதியது:

எய்யா பனங்காட்டு நரி, நீங்க சொல்லுவது தட்டணுக் கதை, அதாவது பிளேட்லெட். தாயி கேட்பது வெள்ளையணு. தென்காசிக்குப் போகிறவரைத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடாதீங்க. 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆடின ஆட்டத்தில் ராத்திரி பகல் பாராமல் தட்டணு எண்ணினவன் நான். இலைச்சாறு குடித்தவருக்கும் ஏறியது, குடிக்காதவருக்கும் ஏறியது. காய்ச்சல் விட்டு ரெண்டு மூன்று நாளில் தானாக ஏறுவது அந்த நோயின் குணம்.

தாயி, நான் டாக்டர் இல்லை. 33 வருடம் அரசு ஆய்வகத்தில் ரத்தம் எண்ணிப் பிழைத்தவன். கண் மங்கிவிட்டது, ஆனாலும் யாராவது கவுன்ட் சொன்னால் கட்டம் போட்ட கண்ணாடிதான் முதலில் நினைவுக்கு வரும். இப்போது மெஷின் சொல்லுகிற எண்ணை நாங்கள் வாயால் உறிஞ்சி எடுத்தோம். பிப்பெட்டில் 0.5 கோடு வரை ரத்தம், 11 கோடு வரை டர்க் திரவம், ஆக இருபதுக்கு ஒன்று. அந்தத் திரவத்தில் உள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பணுவைக் கரைத்துவிடும். ஜென்ஷியன் வயலெட் வெள்ளையணுவுக்கு ஊதா ஏற்றிக் காட்டும். நியூபார் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, நாலு மூலைக் கட்டத்தில் உள்ளதை எண்ணி ஐம்பதால் பெருக்கினால் கவுன்ட். அம்மையைச் சேர்த்த அன்றைக்கு நான் பார்த்திருந்தால் நாலு மூலையிலும் சேர்த்து 328 அணு இருந்திருக்கும். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதி மாதிரி. இருபதாம் நாள் 58. தேர் நிலைக்கு வந்த மறுநாள் வீதி. சாதாரண ஆளுக்கு 80இலிருந்து 220 வரை இருக்கும்.

ஆனால் டோட்டல் கவுன்ட்டை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க. கிருமி உள்ளே வந்ததும் முதலில் ஓடுகிற அணு பாலிமார்ஃப். நியூட்ரோஃபில் என்பதும் அதுதான். 2,900இல் 38 சதவீதம் என்றால் 1,102. இந்த எண்ணைத்தான் டாக்டர் பார்ப்பார். 1,500க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். 1,000க்குக் கீழே கவலை, 500க்குக் கீழே போனால் நிஜமான ஆபத்து. அம்மை முதல் படியில் நிற்கிறாள். மூன்றாம் படிக்குப் போகாமல் டாக்டர் நேரத்தோடு பிடித்துவிட்டார்.

சரி, குடல் கதைக்கு வருகிறேன். கடைக்காரர் வியாதியை ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட்டு மருந்தைத் தப்பாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பாலிமார்ஃபுக்கு ஆயுசு குறைச்சல். ரத்தத்துக்குள் வந்த பிறகு சில மணி நேரம்தான் சுற்றும். அதனால் எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிது புதிதாகச் செய்து அனுப்ப வேண்டும். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி. சோறு தின்னாமல் கூட ரெண்டு நாள் இருந்துவிடலாம், மஜ்ஜை வாரக்கணக்கில் கதவடைப்பு செய்தால் ஆள் தாங்கமாட்டான். எவ்வளவு செய்ய வேண்டும் என்று மஜ்ஜைக்கு யார் சொல்லுவது? உடம்புக்குள்ளேயே அதற்கு ஆணை போடுகிற ரசாயனங்கள் உண்டு. அதோடு குடலில் இருந்தும் ஒரு சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. குடல் பாக்டீரியாவின் ஓட்டுத் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்து மஜ்ஜை வரை போய்ச் சேருகின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2010இல் எலியில் காட்டினார்கள்: அந்தத் துணுக்கு வந்துகொண்டிருந்தால் மஜ்ஜையில் உள்ள பாலிமார்ஃப் கிருமியைக் கொல்லுவதில் சுறுசுறுப்பாக இருக்கிறது. எங்க ஆச்சி ராத்திரி அடுப்பில் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பாள். காலையில் ஒரு ஊது ஊதினால் பற்றிக்கொள்ளும். குடல் பாக்டீரியா மஜ்ஜைக்குச் செய்வது அந்தச் சாம்பல் மூடுகிற வேலை என்று நான் எனக்குள் வைத்திருக்கிறேன்.

என் மகள் நுண்ணுயிரியல் படித்தவள். அவள் எனக்கு இந்த ஆராய்ச்சியை எல்லாம் போனில் வாசித்துச் சொல்லுவாள். அதில் என்னை எழுந்து உட்கார வைத்தது அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்று 2017இல் வெளியிட்டது. எலிகளுக்கு ரெண்டு வாரம் பலவகை ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். வெள்ளையணு இறங்கியது. மஜ்ஜையில் உள்ள மூல அணுக்களே குறைந்துவிட்டன. மருந்து மஜ்ஜையை நேராக அடித்திருக்கலாம் அல்லவா? அதனால் மஜ்ஜை அணுவை வெளியே எடுத்து மருந்துக்குள்ளேயே ஊற வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு கிருமி கூடப் படாமல் வளர்த்த எலிகளை அடுத்து எடுத்தார்கள். அவற்றுக்கு மருந்து கொடுக்காமலேயே மஜ்ஜை மந்தம். மருந்து கொடுத்த பிறகும் அதற்கு மேல் இறங்கவில்லை. அப்புறம் மருந்து தின்ற எலிக்கு ஆரோக்கியமான எலியின் மலத்தைக் கொடுத்தார்கள், மஜ்ஜை ஓரளவு மீண்டது. மருந்து குடலை அழிக்கிறது, குடல் அழிந்ததால் மஜ்ஜை சுணங்குகிறது. ஒரு துளி ரத்தத்தில் கோளாறு கண்டுபிடிக்க நாங்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவோம், அதனால் எனக்கு இந்த ஆராய்ச்சி மேல் தனிப் பிரியம்.

அதற்கு முன்னால் 2014இல் கலிஃபோர்னியாவில் பாசடீனாக்காரர்களும் கிருமி இல்லாத எலியை வைத்துப் பார்த்திருந்தார்கள். லிஸ்டீரியா என்ற கிருமியை உள்ளே விட்டால் அந்த எலிகளால் சமாளிக்க முடியவில்லை. குடலில் பாக்டீரியாவைக் குடியேற்றிய பிறகு சமாளித்தன.

எலி வேறு, அம்மை வேறு என்று மைனி சொல்லுவாள். சரிதான். மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றிய நோயாளிகளுக்குத் தினமும் கவுன்ட் எடுப்பார்கள், மலத்தையும் எடுத்து வைப்பார்கள். அந்த ரெண்டையும் வருடக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2020இல் எழுதினார்கள். குடலில் ஃபீகாலிபாக்டீரியம் மாதிரிச் சில இனங்கள் கூடுதலாக இருந்த நாளுக்கு மறுநாள் பாலிமார்ஃப் ஏறுமுகமாக இருந்தது. சில நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு முன்னால் எடுத்துப் பத்திரப்படுத்திய அவர்களுடைய சொந்த மலத்தையே பிறகு குடலுக்குள் திருப்பி விட்டார்கள். அவர்களுக்கு வெள்ளையணு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. முகம் சுளிக்காதீங்க. உரக்குழியைப் பார்த்து முகம் சுளித்தால் வாழைத்தார் வெட்ட முடியாது.

இனிமேல்தான் பொடிப் பாக்கெட். ஃபீகாலிபாக்டீரியத்துக்குக் காற்றுப் பட்டால் ஆகாது. பிராணவாயு பட்டதும் சாகிற ஜாதி. மருந்துக் கடை அலமாரியில் இருக்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம், சாக்கரோமைசஸ் என்ற ஈஸ்ட், பேசில்லஸ் வித்து, இப்படி ஏதாவது இருக்கும். செத்தது ஒரு கூட்டம், நாம் கொண்டுபோய் இறக்குவது வேறு கூட்டம். இஸ்ரேலில் வைஸ்மான் நிறுவனத்தார் 2018இல் ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு சிலரைச் சும்மா விட்டார்கள், சிலருக்கு 11 வகை பாக்டீரியா உள்ள மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றவர்களுக்குத்தான் சொந்தப் பாக்டீரியா திரும்பி வர மாதக்கணக்கில் தாமதம் ஆனது. வந்த விருந்தாளி திண்ணையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரனை உள்ளே விடவில்லை. வயிற்றுப்போக்குக்கு இந்தப் பொடி சில பேருக்கு உதவும் என்பதை மறுக்கவில்லை. வெள்ளையணு ஏறும் என்று யாராவது விற்றால் வாங்காதீங்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்தால் கவுன்ட் இறங்குவது எல்லாமே குடல் வழியாக என்றும் இல்லை. மருந்துக்கு எதிராக உடம்பு கிளம்பி அணுவை அழிப்பதும் உண்டு. டைபாய்டிலும் கவுன்ட் இறங்கும். எங்கள் காலத்தில் காய்ச்சல்காரர் கவுன்ட் குறைவாக இருந்து, இயோசினோஃபில் தேடியும் கிடைக்காவிட்டால் டைபாய்டா என்றுதான் முதலில் கேட்போம். அம்மைக்கு எது காரணம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முள் குத்தினதைச் சொன்னீங்க இல்லையா, அதில் ஒரு கதை உண்டு. வெள்ளையணு கிருமியைத் தின்னும் என்று கண்டுபிடித்த மெச்னிகோஃப் என்ற ருஷ்யக்காரர், 1882இல் இத்தாலியில் மெசினாவில் கடலோரத்தில் உட்கார்ந்து, நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்தி வைத்துத்தான் அதைப் பார்த்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டம் போட்டு நின்றன. 1908இல் நோபல் பரிசு. அந்தப் பரிசைப் பங்கு போட்டவர் பால் எர்லிக், வெள்ளையணுவுக்குச் சாயம் ஏற்றி இனம் பிரிக்க வழி காட்டியவர். அதே மெச்னிகோஃப்தான் வயதான காலத்தில் பாரிஸில் உட்கார்ந்து, தயிர் தின்றால் ஆயுசு கூடும் என்று ஊரெல்லாம் சொன்னவர். தயிரையும் வெள்ளையணுவையும் கையில் எடுத்தவர் ஒரே ஆள், ஆனால் ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அவருக்கு நூல் கிடைக்கவில்லை. நூறு வருடம் கழித்துக் கிடைத்திருக்கிறது, அதுவும் தயிரில் இல்லை.

ஆற்றங்கரைக்காரி எழுதியது:

அண்ணாச்சி, 58 என்று நீங்க சொன்ன பிறகுதான் எனக்கு நிலைமை புரிந்தது. பொடியைப் பிரிக்கவில்லை, அப்படியே இருக்கிறது. பாக்கெட்டில் எழுதியிருப்பது நீங்க சொன்ன சாக்கரோமைசஸ் பவுலார்டி. அம்மையின் கையில் நரம்பு வழியாக உள்ளே ஒரு நீளக் குழாய் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில்தான் தினமும் சிஸ்டர் வந்து ஊசி ஏற்றுகிறார். இன்னொரு விஷயம், புண்ணில் சீழ் வருவது சுத்தமாக நின்றுவிட்டது. அது நல்லதுதானே? பழையது பற்றிச் சொல்லாமலே விட்டுவிட்டீங்களே. அம்மை அதைத்தான் கேட்கிறாள்.

சுரண்டை சிஸ்டர் எழுதியது:

அக்கா, அந்தப் பாக்கெட்டை அம்மா படுத்திருக்கிற அறையிலேயே வைக்காதீங்க. நான் வேலூரில் ஆறு வருடம் மஜ்ஜை மாற்று வார்டில் இருந்தேன். நெஞ்சு வரை போகிற குழாய் உள்ள நோயாளி பக்கத்தில் இந்த ஈஸ்ட் பொடியைப் பிரிக்கவே கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். பொடி காற்றில் பறக்கும், கையில் ஒட்டும், அதே கையால் குழாயின் மூடியைத் தொட்டால் ஈஸ்ட் நேராக ரத்தத்துக்குள் போய்விடும். அப்படி ரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். லாக்டோபேசில்லஸும் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு அபூர்வமாக ரத்தத்தில் ஏறியிருக்கிறது. ஆரோக்கியமாக நடமாடுகிறவருக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது. அம்மாவுக்குக் கையில் குழாய், சர்க்கரை, பாலிமார்ஃப் 1,100. மூன்றும் சேர்ந்திருக்கிறது. குழாய் எடுக்கிற வரை வேண்டவே வேண்டாம்.

வயிறு இளகுவதை டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்க. மூன்று வாரம் ஆன்டிபயாடிக் போனவருக்குக் குடலில் டிஃபிசில் என்ற கிருமி கிளம்பி வயிற்றுப்போக்கு வரலாம். அது மலத்தைப் பரிசோதித்தால் தெரியும், அதற்குத் தனி மருந்து இருக்கிறது. நாலு நாள் ஆகிவிட்டது என்றால் இனியும் தள்ளாதீங்க.

காய்ச்சல் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. 101 ஒரு தடவை வந்தாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும், ராத்திரி எந்நேரமானாலும் கிளம்பிவிடுங்க. மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டு விடியட்டும் என்று இருக்காதீங்க. எங்கள் வார்டில் அந்த ஒரு ராத்திரிதான் எத்தனையோ பேருக்கு வினையாகப் போயிருக்கிறது.

உங்க மைனி சொல்லுவதிலும் தப்பில்லை. வார்டில் பச்சைக் காய், வெட்டி வைத்த பழம், பூ எதையும் உள்ளே விடமாட்டோம். ஆனால் 1,100க்கு அவ்வளவு கெடுபிடி தேவைப்படாது. சாப்பாட்டில் இத்தனை தடை போடுவதால் தொற்று குறைகிறதா என்பதிலேயே இப்போது டாக்டர்கள் ஒரே பேச்சாக இல்லை. சுத்தமாகச் சமைத்து, சூடாகச் சாப்பிட்டு, கை கழுவினால் பெரிய அளவுக்குப் போதும்.

பழைய நுண்ணோக்கி எழுதியது:

சிஸ்டர் சொன்னதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. குழாய் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆய்வகத்துக்காரனுக்கு ரத்தம் தெரியும், ஆள் தெரியாது என்று எங்க பெரிய டாக்டர் திட்டுவார்.

சீழ் நின்றது பற்றிக் கேட்டீங்க. சீழ் என்பதே செத்த பாலிமார்ஃப்தான். சண்டை போட்டுச் செத்து விழுந்த கூட்டம் வெள்ளையாக வெளியே வருகிறது. புண் ஆறினாலும் சீழ் நிற்கும், போக ஆள் இல்லாவிட்டாலும் நிற்கும். பாலிமார்ஃப் 500க்குக் கீழே போனவருக்கு உள்ளே கிருமி மண்டியிருந்தாலும் வெளியே சொட்டுச் சீழ் வராது, சிவப்பு கூடக் காட்டாது. அம்மைக்கு 1,100 இருக்கிறது, அதனால் ஆறுவதால்தான் நின்றிருக்கும். இருந்தாலும் கட்டுப் போடுகிற அன்றைக்கு டாக்டரை ஒரு தடவை நேரில் பார்க்கச் சொல்லுங்க.

பழையது பற்றி வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன், எனக்கு அதில் பாசம் ஜாஸ்தி. பழையதில் லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கிறது, நிஜம். ராத்திரி ஊறின சோற்றில் ஒரு பகுதி மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் அங்கே உள்ள பாக்டீரியாவுக்குத் தீனி ஆகிறது, அதுவும் நிஜம். கவுன்ட் ஏற்றுமா என்றால் யாரும் அளந்து சொல்லவில்லை. எங்க வீட்டில் ஊறுவது மண்பானையில், திறந்த தண்ணீரில். என்ன கிருமி வளர்கிறது என்று அந்தப் பானைக்கே தெரியாது. கவுன்ட் 4,000 தாண்டுகிற வரை அம்மையைப் பொறுக்கச் சொல்லுங்க. காய்ச்சி உறை ஊற்றின புதுத் தயிரில் கடைந்த மோர் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்க, பெரும்பாலும் சரி என்பார். அது வரைக்கும் உள்ளே மிச்சம் இருக்கிற சொந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி போடுங்க. வயிறு நின்ற பிறகு வாழைத்தண்டு, அவரைக்காய், கீரை, பாசிப்பயறு எல்லாம் நன்றாக வேகவைத்து. அந்தப் பாக்டீரியா நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தை உண்டாக்கும், குடல் சுவருக்கு அதுதான் சாப்பாடு. தை பிறந்தால் சிறுகிழங்கு வந்துவிடும். சர்க்கரைக்காரி, அதனால் அளவாக. தோல் உரிக்கிற வேலை மைனிக்கு.

பனங்காட்டு நரி எழுதியது:

சலசலப்புக்கு அஞ்சமாட்டேன் என்று பேர் வைத்திருக்கிறேன், ஆனால் 58க்கு அஞ்சிட்டேன் அண்ணாச்சி. இலைச்சாறை வாபஸ் வாங்கிக்கிடுதேன்.

ஆற்றங்கரைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் சேதி சொல்ல வந்தேன். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தோம், 3,300, பாலிமார்ஃப் 45. அண்ணாச்சி கணக்குப்படி 1,485. நேற்றோடு பத்து நாள், 5,600, பாலிமார்ஃப் 58. பெருக்கிப் பார்த்தால் 3,248. ரிப்போர்ட்டில் 58 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்துவிட்டது, அப்புறம்தான் அது சதவீதம் என்று உறைத்தது. காய்ச்சல் வரவில்லை.

வயிறு இளகுவதைச் சொன்னதும் டாக்டர் மலத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். சிஸ்டர் சொன்ன கிருமி இல்லை. ஊசி மாற்றியதிலேயே நின்றுவிட்டது. பொடி கொடுக்கலாமா என்று கேட்டேன். குழாயைக் காட்டி, "இதை எடுக்கிற வரை அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காசுக்குக் கட்டுப் போடுகிற துணி வாங்கி வந்தேன். கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம்.

மோர் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். மைனியே கடைந்து, பெருங்காயம் போட்டுக் கொடுத்தாள். அம்மை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதெல்லாம் சரி, பானையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்கிறாள்.